வேலை போச்சு, மறுபடியும் காலேஜ் போகணும்... பணத்துக்கு என்ன வழி? முழு விவரம்

கம்பெனியில் ஆட்குறைப்பு. கையில் செட்டில்மென்ட் கடிதம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வயது 38. புதிய வேலைக்குப் போனால் முதல் கேள்வியே, "டிகிரி இருக்கா?"

இந்த நிலையில் இருக்கும் பலருக்கும் மனதில் ஓடும் யோசனை, பாதியில் விட்ட படிப்பை முடிக்கலாமா, இல்லை புதிதாக ஒன்று படிக்கலாமா என்பதுதான். ஆனால் சம்பளமே இல்லாதபோது ஃபீஸ் எங்கிருந்து கட்டுவது? 38 வயதுக்காரருக்கு பேங்க் கல்விக் கடன் கொடுக்குமா? பி.எஃப். பணத்தை எடுக்கலாமா? மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

தமிழ்நாட்டில் வேலையிழந்த ஒருவர், வயது கூடிய பிறகு மீண்டும் படிக்க என்னென்ன வழிகள் உள்ளன, எதில் கவனம் தேவை என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: ரெகுலரா, தொலைநிலையா?

பணம் பற்றி யோசிக்கும் முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஏனென்றால் எந்தப் பணம் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையே இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது.

தினமும் வகுப்புக்குப் போகும் ரெகுலர் படிப்பு என்றால் வங்கிக் கல்விக் கடன், அரசின் கல்வி உதவித்தொகை போன்றவற்றுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் பகல் நேரத்தில் வேலைக்குப் போக முடியாது. அதாவது ஃபீஸ் மட்டும் செலவு இல்லை, இரண்டு மூன்று வருடம் வராமல் போகும் சம்பளமும் செலவுதான்.

தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பு என்றால் ஃபீஸ் குறைவு. இடையில் கிடைக்கும் வேலையைச் செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் கல்விக் கடன் கிடைப்பது கடினம்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையில் இது அப்படியே தலைகீழ். தினமும் கல்லூரி போகும் மாணவருக்கு அது கிடையாது. தொலைநிலையில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம்.

தொலைநிலை டிகிரி செல்லுமா?

செல்லும். யூஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில், அனுமதி பெற்ற படிப்பை தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படித்து வாங்கும் பட்டம், ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசி தெளிவாக அறிவித்தது.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டில் யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் உள்ளது. பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு, பொறியியல், மருத்துவம், சட்டம், நர்சிங், பார்மசி, கட்டடக்கலை போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. "வீட்டிலிருந்தே சட்டம் படிக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

மூன்று, அரசு வேலை இலக்கு என்றால் படித்த வரிசை முக்கியம். 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. 12-ம் வகுப்பு முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடிப்பதே பாதுகாப்பு.

வயது வரம்பு இருக்கிறதா?

படிப்பைப் பொறுத்தது. 1985-ல் தொடங்கப்பட்ட இக்னோ, 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலைக்குப் போகிறவர்கள், குடும்பஸ்தர்களை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டவை. பெரும்பாலான படிப்புகளுக்கு அங்கே உச்ச வயது வரம்பு இல்லை.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ரெகுலர் இளங்கலைக்கு வயது வரம்பு உண்டு. எனவே விண்ணப்பக் கையேட்டைப் பார்க்காமல் அங்கே திட்டமிட வேண்டாம். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாண்டு சட்டப்படிப்பு ஒரு வழி. தமிழ்நாட்டில் அதற்கு உச்ச வயது வரம்பு இல்லை.

டிகிரிதான் வேண்டும் என்று இல்லை, கையில் தொழில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அரசு ஐடிஐ இருக்கிறது. ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகையும், சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் போன்றவையும் கிடைக்கும். எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற பிரிவுகளில் படிப்பை முடித்ததும் சம்பாதிக்கத் தொடங்கலாம்.

ரொம்ப மலிவான வழி: பழைய அரியர்

பலர் யோசிக்காமல் விடும் விஷயம் இது. மூன்று வருடமும் கல்லூரி போய், இரண்டு மூன்று பேப்பர் அரியரோடு வெளியே வந்து, குடும்பச் சூழலால் அப்படியே வேலைக்குப் போனவர்கள் நிறைய பேர். அவர்கள் புதிதாக ஒரு டிகிரிக்கு மூன்று வருடமும் பணமும் செலவழிக்கத் தேவை இல்லாமல் போகலாம்.

பல்கலைக்கழகங்கள் கால அவகாசம் முடிந்த பழைய மாணவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு கொடுத்து அரியர் எழுத அனுமதிக்கின்றன. தேர்வுக் கட்டணமும் சிறப்பு வாய்ப்புக் கட்டணமும் மட்டும்தான் செலவு. பழைய பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு, படித்த பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இது முடியாது என்றால் மட்டும் அடுத்த வழி.

வேலை போனவருக்கு வர வேண்டிய பணம் என்னென்ன?

கடனைப் பற்றி யோசிக்கும் முன், உங்களுக்கே சேர வேண்டிய பணம் முழுவதும் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

கிராஜுவிட்டி: ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உரிமை. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உதாரணமாக அந்தத் தொகை ரூ.18,000, பணிக்காலம் 8 ஆண்டுகள் என்றால் சுமார் ரூ.83,000 வரும். தொலைநிலையில் ஒரு டிகிரியே முடிக்க இது தாராளமாகப் போதும்.

ஆட்குறைப்பு இழப்பீடு: தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. அது மறுதிறன் நிதி. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் 15 நாள் ஊதியத்தை நிறுவனம் இந்த நிதியில் செலுத்த வேண்டும், அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்கிறது சட்டம். புதுத் தொழில் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, அடுத்த வேலைக்குப் போக அதுதான் நல்லது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. தானாக விலகியதாகக் கடிதம் கொடுத்துவிட்டால், ஆட்குறைப்பு இழப்பீட்டையும் மறுதிறன் நிதியையும் கேட்பது சிக்கலாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ: சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்திருந்தால் இரண்டு திட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா திட்டத்தில், சராசரி தினச் சம்பளத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும். இது அவ்வப்போது காலநீட்டிப்பு செய்யப்படும் திட்டம் என்பதால் நீங்கள் கேட்கும் நேரத்தில் அமலில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். இரண்டாவது, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் வேலை போனவர்களுக்கு முதல் 12 மாதம் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் உதவித்தொகை தரும் திட்டம் இது. இரண்டிலும் எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

தமிழக அரசு உதவித்தொகை: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் தொடர்ந்து புதுப்பித்து வருபவர்களுக்கு, 3 ஆண்டுகள் வரை மாதாந்திர உதவித்தொகை உண்டு. 10-ம் வகுப்பு தோல்வி என்றால் ரூ.200, தேர்ச்சி ரூ.300, பிளஸ் 2 ரூ.400, பட்டதாரி ரூ.600. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45 வயது, மற்றவர்களுக்கு 40 வயது வரம்பு. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் அதிகம், பதிந்து ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பும் இல்லை. தொகை சின்னதுதான். ஆனால் தொலைநிலைப் படிப்பின் தேர்வுக் கட்டணத்துக்கு உதவும்.

பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் யோசித்து எடுக்க வேண்டும்.

வேலை போனவர் பி.எஃப். இருப்பில் 75 சதவீதத்தை எடுக்க வழி இருக்கிறது. மீதி 25 சதவீதத்துக்கு முன்பு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்று இருந்தது. 2025 அக்டோபரில் கூடிய இபிஎஃப்ஓ மத்திய அறங்காவலர் குழு, அந்தக் காத்திருப்பை 12 மாதமாக்க முடிவெடுத்தது. பென்ஷன் பணத்தை எடுக்கும் காத்திருப்பு 36 மாதம் என்றும் முடிவானது. கல்வி, நோய், திருமணம் ஆகிய தேவைகளுக்கான விதிகளும் அப்போது எளிமையாக்கப்பட்டன. கல்விக்காக 10 முறை வரை எடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டுகள் நிறையாமல் எடுத்தால் பொதுவாக வருமான வரி உண்டு. எடுக்கும் தொகை ரூ.50,000-க்கு மேல் போனால் டிடிஎஸ் பிடிப்பார்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள் 15ஜி படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நிறுவனமே மூடப்பட்டது, உடல்நலக் குறைவு போன்ற, ஊழியரின் கையில் இல்லாத காரணங்களால் வேலை போயிருந்தால் அந்த வரி கிடையாது.

அடுத்து, பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். 10 ஆண்டு பணிக்காலம் நிறைந்தால்தான் 58 வயதில் மாத பென்ஷன். 7, 8 ஆண்டுகள் ஆகியிருந்தால், பணத்தை எடுப்பதற்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேலையில் மீதி ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்வி உதவித்தொகை கிடைக்குமா?

அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் சமூகப் பிரிவு, குடும்ப வருமானம், படிக்கும் நிறுவனம் ஆகியவற்றைப் பார்த்தே தரப்படுகின்றன.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படித்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு பார்ப்பதில்லை. முதுகலை, தொழிற்படிப்பு என்றால் அவர்களுக்கும் ரூ.2.5 லட்சம் வரம்பு உண்டு.

வயது கூடியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உள்ளது. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், ஒரு நிலையை முடித்துவிட்டு அதே நிலையில் வேறு படிப்பு படித்தால் உதவித்தொகை இல்லை. அதாவது பி.காம். முடித்தவர் மறுபடியும் பி.ஏ. சேர்ந்தால் கிடைக்காது. எனவே ஏற்கெனவே பட்டம் இருந்தால் அடுத்த நிலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் போன்ற திட்டங்கள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வருபவர்களுக்கானவை. தொலைநிலைப் படிப்புக்கு அவை பொருந்தாது. இக்னோ சில படிப்புகளில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டண விலக்கு அளித்து வந்திருக்கிறது. எந்தப் படிப்புக்கு என்பதை ஒவ்வோர் அட்மிஷனிலும் பார்க்க வேண்டும்.

38 வயதில் கல்விக் கடன் தருவார்களா?

"இந்த வயசுல யாருங்க லோன் தருவா?" என்பதுதான் பொதுவான சந்தேகம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் மாணவரின் வயதுக்குக் குறிப்பிட்ட கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்து, கடனைக் கட்டி முடிக்கும்போது உங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று மேனேஜர் கணக்குப் போடுவார். அதற்குத் தயாராகப் போங்கள்.

அந்த மாதிரித் திட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. கையிலிருந்து முன்பணமும் போட வேண்டாம். ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் அதுவரை அடமானம் இல்லாமல் பெற வழி உண்டு.

படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டலாம்.

திருமணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி, இல்லாவிட்டால் மாமனார், மாமியார் கூட இணைக் கடன்தாரர் ஆகலாம். 38 வயதுக்காரர் 65 வயது அப்பாவைக் கையெழுத்துக்கு அழைத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

மத்திய அரசின் பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பிடித்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன் இது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம். வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படித்தால், தகுதியான கடனுக்கு அந்தக் காலத்தின் முழு வட்டியையும் அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. வித்யாலக்ஷ்மி போர்ட்டலில் ஒரே படிவத்தில் மூன்று வங்கிகள் வரை விண்ணப்பிக்கலாம்.

வட்டிக் கணக்கு: ஒரு உதாரணம்

தவணை கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் சிக்குகிறார்கள்.

ரூ.3 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, இரண்டு வருடப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வாங்கியதாகவும் வைப்போம். படிப்பு இரண்டு வருடம், சலுகை ஒரு வருடம், ஆக மூன்று வருடத்துக்குத் தனிவட்டி ரூ.90,000. தவணை தொடங்கும்போது கடன் ரூ.3.9 லட்சம் ஆகியிருக்கும். 7 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை சுமார் ரூ.6,470. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.5.44 லட்சம்.

அதே கடனில், படிக்கும்போதே மாதம் ரூ.2,500 வட்டியை மட்டும் கட்டி வந்தால்? தவணை சுமார் ரூ.4,980 ஆகக் குறையும். மொத்தம் சுமார் ரூ.5.08 லட்சம். மிச்சம் ஏறக்குறைய ரூ.35,000. படிப்புக் காலத்தில் வட்டியைக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடம் உள்ளது. அதை வங்கியில் கேட்டு வாங்குங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, தனக்காகவோ கணவன், மனைவிக்காகவோ வாங்கிய கல்விக் கடனின் வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை வரிக்கழிவும் உண்டு.

சிபில் ஸ்கோர்: வயது கூடியவர்களின் தலைவலி

18 வயது மாணவருக்குக் கடன் வரலாறே இருக்காது. 38 வயதுக்காரருக்கு பைக் லோன், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்று எல்லாம் இருக்கும். வேலை போன மாதத்தில் ஒரு தவணை தவறினாலும் அது சிபில் ஸ்கோரில் பதிவாகும். மூன்று மாதம் கழித்துக் கல்விக் கடன் கேட்கப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

எனவே வேலை போன உடனேயே, தவணை தவறும் முன்பே, கடன் வாங்கிய வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. போனை எடுக்காமல் இருப்பதுதான் தவறு.

நகைக் கடன் வாங்கிப் படிக்கலாமா?

வேகமாகக் கிடைக்கும், கேள்வி குறைவு. அதனால்தான் எல்லோரும் முதலில் அங்கே போகிறார்கள். ஆனால் படிப்புச் செலவுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்விக் கடனில் இருப்பது போலப் படிப்பு முடியும் வரை காத்திருக்கும் சலுகை இதில் இல்லை. படிப்பு மூன்று வருடம், நகைக் கடனோ பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்பவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டியது. வருமானம் இல்லாத வருடத்தில் அது முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போகும்.

ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசி நாள், இரண்டு மாதத்தில் கிராஜுவிட்டி வரப்போகிறது என்பது போன்ற குறுகிய இடைவெளிக்கு மட்டும் நகைக் கடன் சரி. மொத்தப் படிப்புக்கும் அதை நம்ப வேண்டாம்.

மொபைலில் ஐந்து நிமிடத்தில் பணம் தரும் லோன் ஆப்கள் பக்கமே போகாதீர்கள். மோசடியில் சிக்கிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் ஃபீஸ் திரும்புமா?

படிப்பில் சேர்ந்த பத்தாம் நாள் வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். யூஜிசி 2018-ல் அறிவித்த விதிப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும், அதன்பின் கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதமும், கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதமும், 15 முதல் 30 நாளுக்குள் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. முழுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் தேதியை யூஜிசி சில ஆண்டுகளில் தனியாக நீட்டித்தும் அறிவிக்கிறது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வேலை தேடிக்கொண்டே படிப்பவருக்கு இது ரொம்ப முக்கியம்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

10, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய சான்றிதழ் தொலைந்திருந்தால் நகல் வாங்கவே நாளாகும். அதை இப்போதே தொடங்குங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். வேலையில் இருந்தபோது வாங்கிய பழைய சான்றிதழில் பழைய சம்பளம் இருக்கும். அதை வைத்து விண்ணப்பித்தால் தகுதி இருந்தும் உதவித்தொகை கைநழுவும். பணி நீக்கக் கடிதம், கடைசி சம்பளச் சீட்டு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர யூஜிசியின் டெப் ஐடியும் தேவை. அதை மாணவரே இணையத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். ஏஜென்ட்டுக்குப் பணம் தரத் தேவையில்லை.

பணம் திரட்டும் வரிசை இதுதான்

முதலில் பழைய அரியரை முடிக்க முடியுமா என்று பாருங்கள். அடுத்து கிராஜுவிட்டி, இழப்பீடு, இஎஸ்ஐ என உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, உதவித்தொகைக்கு விண்ணப்பம். இவை போதவில்லை என்றால் பி.எஃப்.பில் ஒரு பகுதி. அதுவும் போதாது என்றால், ரெகுலர் படிப்புக்கு மட்டும், வட்டி மானியத்தோடு கல்விக் கடன். நகைக் கடன் கடைசி. லோன் ஆப் பட்டியலிலேயே வேண்டாம்.

ஃபீஸ் கட்டும் முன் இன்னொரு கணக்கையும் போடுங்கள். குறைந்தது 6 மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்கிறதா? இல்லை என்றால் ரெகுலர் படிப்பு பாதியில் நிற்கும் ஆபத்து அதிகம். அப்போது கட்டிய ஃபீஸும் போகும், சான்றிதழும் வராது. அந்த நிலையில் இருப்பவர்கள், கிடைக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே தொலைநிலையில் சேர்வதுதான் சரி.

கடைசியாக, படித்து முடிக்கும்போது உங்களுக்கு வரும் வயதில், நீங்கள் குறிவைக்கும் வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். அரசுப் பணி என்றால் அறிவிக்கையில் வயது வரம்பு இருக்கும். தனியார் என்றால் அதே துறையில் இருப்பவர் ஒருவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். "இந்த டிகிரி இருந்தா 41 வயசுல எடுப்பீங்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.